நோட்டு எல்லாம் சரி, பாட்டு மட்டும் வரவில்லை: பியானோ டிரான்ஸ்கிரிப்ஷனில் என்னதான் நடக்கிறது?

ஒரு பாட்டின் ஆடியோவைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அதைப் பியானோ நொட்டேஷனாக எழுதிக் கொடுக்கும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. எழுதித் தருவதும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நோட்டு விடாமல் வாசித்தால், காதில் விழுவது அந்தப் பாட்டு மாதிரியே இல்லை. இன்னொரு பக்கம், ஒரே பாட்டுக்கு இணையத்தில் நாலு ஷீட் இருக்கிறது, நாலும் நாலு விதம், எது சரி என்று தெரியவில்லை. அதற்கும் மேலே, ஒரே ஷீட்டை இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் வாசிப்பது உருக்குகிறது, மற்றவர் வாசிப்பது டைப் அடிப்பது போல இருக்கிறது.

மூன்றும் வேறு வேறு சந்தேகங்கள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பியானோ இசை இரண்டு அடுக்காக இருக்கிறது. எந்தச் சுரம், எந்த இடத்தில் என்பது தாளில் நிற்கிற அடுக்கு. ஒவ்வொரு சுரமும் எவ்வளவு சத்தமாக, எத்தனை மில்லி வினாடி முன்பின்னாக, எங்கே விடப்பட்டு ஒலிக்கிறது என்பது தாளில் நிற்காத அடுக்கு. டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது எதைத் தாளில் ஏற்றுவது, எதை வாசிப்பவரிடம் விடுவது என்று முடிவு செய்யும் வேலை. இது புரிய வேண்டுமானால் கருவியிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில், இந்தக் கருவியால் என்ன முடியாது

1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியைத் தட்டும். இன்றைய பியானோவில் கட்டை கீழே போகும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதிலும் சுத்தியல் கம்பியைத் தொடுவதற்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கடைசித் துளி தூரத்தை அது தானாகப் பறந்து கடக்கிறது. அந்த நொடிக்குப் பிறகு விரல் என்ன செய்தாலும் அந்தத் தட்டை மாற்ற முடியாது.

இதிலிருந்து வரும் விளைவுகள்:

1. பிறந்த சுரம் அந்தக் கணமே தேய ஆரம்பிக்கிறது. வயலினில் வில்லை இழுத்தபடி ஒரே சுரத்தைப் பெரிதாக்கலாம், நாதசுரத்தில் மூச்சால் செய்யலாம். பியானோவில் ஒரு தனிச் சுரத்தை ஒலிக்க ஒலிக்கப் பெரிதாக்க வழியே கிடையாது.

2. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. சுருதி நிலையானது, வழுக்க முடியாது.

3. வாசிப்பவர் கையில் இருப்பவை மூன்றே மூன்று: எப்போது தட்டுவது, எந்த வேகத்தில் தட்டுவது, எப்போது ஒலியை நிறுத்துவது. மூன்றாவதில் பெடலும் சேர்த்தி.

'டச்' என்று பியானோக்காரர்கள் பேசுவது இந்த மூன்றைத் தாண்டி இருக்கிறதா என்பது நூறு வருடச் சண்டை. பால்டிமோரின் பீபடி இசைப்பள்ளியைச் சேர்ந்த ஓட்டோ ஆர்ட்மன் 1925லேயே இதை அளந்து பார்த்து, தனிச் சுரத்தின் குணம் சுத்தியலின் வேகத்தோடுதான் போகிறது என்று எழுதினார். விரல் கட்டையில் மோதும் 'டக்' சத்தம், கட்டை அடியில் போய் இடிக்கும் சத்தம் ஆகியவையும் காதில் கலக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் பெரிய பங்கு வேகத்துக்குத்தான். ஒரு சுரத்தை "மென்மையான சோகத்தோடு" தட்டுவது என்று தனியாக ஒன்று இல்லை. பக்கத்துச் சுரங்களோடு சேரும்போதுதான் சோகம் வருகிறது.

ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான்.

முதல் வேலை, வேறு கருவிக்காகவோ குரலுக்காகவோ எழுதிய இசையைப் பியானோவுக்கு மாற்றி அமைப்பது. ஆர்கெஸ்ட்ரா சிம்பொனி, ஆபரா (இசை நாடகம்), பாட்டு, ஆர்கன் இசை எதுவாகவும் இருக்கலாம். இதைப் பெயர்த்தெழுதுவது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வேலை, ஒலித்த இசையைக் காதால் கேட்டு உள்ளது உள்ளபடி தாளில் இறக்குவது. இது கேட்டெழுதுவது. சினிமாப் பாட்டுக்குப் பியானோ ஷீட் போடுகிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார்: முதலில் கேட்டெழுதுகிறார், அப்புறம் பத்து விரலுக்குள் அடங்கப் பெயர்த்தெழுதுகிறார். செயலி கேட்டெழுதும் வேலையை மட்டும் செய்துவிட்டு இரண்டும் முடிந்த மாதிரி தாளை நீட்டுகிறது.

ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு பெயர்த்தெழுதிய பியானோ இசைதான் மக்களுக்கு ரேடியோவும் ரெக்கார்டும். பெரிய ஊரில் இருந்தால் ஒழிய ஒரு சிம்பொனியை வாழ்நாளில் ஓரிரு முறை கேட்டால் அதிகம். வீட்டில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கையால் வாசித்துத்தான் பீத்தோவனைத் தெரிந்துகொண்டார்கள். பெர்லியோஸின் 'சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்' பற்றி 1835ல் இசையமைப்பாளர் ஷூமன் நீளமான விமர்சனம் எழுதினார். அவர் கையில் இருந்தது ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் இல்லை, பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் செய்த பியானோ வடிவம். அதை வைத்தே அவரால் எழுத முடிந்தது என்றால் லிஸ்டின் வேலை எப்படி இருந்திருக்க வேண்டும்!

இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தை

பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் லிஸ்ட் தனிப் பியானோவுக்கு எழுதி முடித்தார், முழுத் தொகுப்பு 1865ல் வெளிவந்தது. தன் வேலையை ஓவியத்தைப் பார்த்துச் செம்புத் தகட்டில் செதுக்குபவரின் வேலையோடு அவர் ஒப்பிட்டுக்கொண்டார். வண்ணம் கிடையாது, கோடும் நிழலும் மட்டும்தான். அந்தப் பியானோ பிரதியில் ஆங்காங்கே மூல வாத்தியத்தின் பெயரையும் குறித்து வைத்தார். இங்கே ஓபோ, அங்கே ஹார்ன் என்று. பியானோவில் ஓபோ ஒலிக்கப் போவதில்லை. ஆனால் வாசிப்பவர் மனதில் ஓபோ ஒலித்தால் விரல் வேறு மாதிரி போகும் என்பது அவர் கணக்கு. தாளில் நிற்காத அடுக்கை ஒரு பெயரை வைத்துத் தாளில் ஏற்றும் முயற்சி இது.

ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று குட்டைச் சுரம், ஒரு நீண்ட சுரம். ஆர்கெஸ்ட்ராவில் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் சேர்ந்து அந்த நீண்ட சுரத்தை நடத்துநர் கை இறங்கும் வரை அதே சத்தத்தில் இழுத்துப் பிடிக்கின்றன. பியானோவில் தட்டிய மறுகணமே அது வடியத் தொடங்கிவிடும். ஆகவே பெயர்த்தெழுதுபவர் கம்பிகளைக் கூட்டுகிறார். இரண்டு கைகளிலும் ஆக்டேவாக, அதாவது ஒரே சுரத்தை இரண்டு மூன்று ஸ்தாயிகளில் ஒன்றாகத் தட்ட வைக்கிறார். அதிகக் கம்பி அதிர்ந்தால் தேய்வு அவ்வளவாகக் காதில் படாது.

இப்படிப் பழகிப்போன உத்திகள் சில உண்டு:

1. ட்ரெமோலோ. இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுவது. வயலின் கூட்டத்தின் நீண்ட இழுப்புக்குப் பதிலாக வைப்பது. அளவு மீறினால் ஊமைப்படத்துக்குப் பின்னணி வாசிப்பது போல ஆகிவிடும்.

2. ஆர்பெஜியோ. ஒரு கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டின்) சுரங்களைச் சேர்த்துத் தட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பது. பெடலை அழுத்திக்கொண்டு உதிர்த்தால், தேய்கிற சுரத்தின் மேல் புதுச் சுரம் வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஒலி நிரம்பியே இருப்பதாகத் தோன்றும்.

3. மூன்றாவது கை. மெட்டை நடு ஸ்தாயியில் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் மாற்றி மாற்றி வாசிப்பது. மற்ற விரல்கள் மேலும் கீழும் ஆர்பெஜியோவை ஓட்டும். கேட்பவருக்கு மூன்று கை இருப்பதாகத்தான் படும்.

மூன்றாவது உத்தியில் பேர் வாங்கியவர் பியானோ கலைஞர் சிகிஸ்மண்ட் தால்பெர்க். 1837 மார்ச்சில் பாரிஸில் பெல்ஜியோயோசோ இளவரசியின் மாளிகையில் இவரும் லிஸ்டும் போட்டி போட்டு வாசித்தது அந்தக் காலத்தின் பெரிய செய்தி. லிஸ்டின் நிழலில் தால்பெர்க்கின் பெயர் இன்று மங்கிவிட்டது, அது நியாயமே இல்லை. ஏனென்றால் நாம் பேசும் விஷயத்துக்கு மிகப் பயனுள்ள ஆவணத்தை விட்டுப் போனவர் அவர்தான். 1853ல் தொடங்கி வெளியான 'பியானோவில் பாடும் கலை' என்ற தொகுப்பு அது. ஆபராப் பாட்டுகளைப் பியானோவுக்குப் பெயர்த்தெழுதி, முன்னுரையில் எப்படி வாசிக்க வேண்டும் என்று விதிகளும் சொன்னார். கட்டைகளை அடிக்காதே, எலும்பே இல்லாத கையால் மாவு பிசைவது போல அழுத்து. துணை இசை எப்போதும் மெட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். மெதுவான பாட்டில் பேஸ் (கீழ் ஸ்தாயி) சுரத்துக்குப் பிறகு மெட்டுச் சுரம் காதுக்குத் தெரியாத அளவு தாமதமாக வந்தால் அழகு, ஆனால் அதை இழுத்துக்கொண்டே போனால் சகிக்காது. பியானோவில் பாட வேண்டுமென்றால் பாடக் கற்றுக்கொள், நானே ஐந்து வருடம் வாய்ப்பாட்டுக் கற்றேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். தான் எழுதிய நொட்டேஷன் தனியாக நிற்காது என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாசிப்பு விதியும் சேர்த்தே அச்சானது.

ஒரே சக்கோன், இரண்டு பியானோ

"எந்த ஷீட் சரி?" என்ற கேள்விக்கு வருவோம். பாக் 1720ல் தனி வயலினுக்காக எழுதிய டி மைனர் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுதியின்) கடைசிப் பகுதி சக்கோன். ஒரு குட்டி பேஸ் வரிசை திரும்பத் திரும்ப வர, அதன் மேல் கால் மணி நேரத்துக்குக் கற்பனை விரிந்துகொண்டே போகும்.

முதல் சிக்கல் வயலினில் இருக்கிறது. வயலினின் நாலு தந்திகளையும் வில்லால் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்க முடியாது, பாலம் வளைந்திருக்கிறது. ஆகவே பெரிய கார்டுகளை முதலில் கீழ்த் தந்திகள், உடனே மேல் தந்திகள் என்று உடைத்துத்தான் வாசிக்க முடியும். அந்த உடைப்பில் ஒரு முயற்சி, ஒரு திணறல் கேட்கிறது. சக்கோனின் கம்பீரத்தில் பாதி அந்தத் திணறலில் இருந்து வருகிறது என்பேன். அதே கார்டைப் பியானோவில் ஒரு குழந்தை வாசிக்கலாம். நோட்டு மாறவில்லை, திணறல் போய்விட்டது. அப்படியே எழுதிவைத்தால் சப்பென்று இருக்கும்.

இதற்கு பிராம்ஸ், புசோனி என்ற இரண்டு பெரிய இசையமைப்பாளர்கள் இரண்டு எதிரெதிரான பதில் சொன்னார்கள்.

பிராம்ஸின் பதில்: இடது கை மட்டும். மூலத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, மற்றபடி பெரும்பாலும் தொடாமல், முழுவதையும் இடது கை ஒன்றுக்கே எழுதினார். ஒரு கை தாவித் தாவிக் கார்டுகளை உடைத்து எடுக்கும்போது திணறல் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. 1877ல் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பிய கடிதத்தில், இப்படி வாசிக்கும்போதுதான் தன்னை ஒரு வயலின்காரராக உணர முடிகிறது என்று எழுதினார். கிளாராவுக்கு அப்போது வலது கையில் தசைநார் பிடித்துக்கொண்டிருந்தது, இடது கைப் பிரதி வந்த நேரம் அப்படி வாய்த்தது.

புசோனியின் பதில்: இரண்டு கை, முழுப் பியானோ, 1890களில். இது ஒரு பெரிய ஆர்கனுக்கு எழுதப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்து, அந்தக் கற்பனை ஆர்கனைப் பியானோவில் இறக்கினார். கனத்த ஆக்டேவுகள், அடித்தளத்தில் உருளும் பேஸ், மூலத்தில் இல்லாத உள் குரல்கள், எல்லாம் சேர்த்தார். வயலினின் திணறல் இதில் இல்லை, அதற்கு ஈடாக ஒலியின் பருமனில் கம்பீரத்தை வைத்தார்.

பிராம்ஸ் முயற்சியைப் பெயர்த்தார், புசோனி அளவைப் பெயர்த்தார். இரண்டும் முழுசாக நிற்கும் படைப்புகள். தோற்பது மூன்றாவது வழிதான், வயலின் தாளில் இருந்த சுரங்களை அப்படியே இரண்டு கைக்குப் பங்கு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. நாலு ஷீட்டில் எது சரி என்று பார்க்கிறவர், எது மூலத்துக்குப் பக்கத்தில் என்பதை விட்டுவிட்டு, பெயர்க்கும்போது தொலைந்துபோனது என்ன, அதற்குப் பதிலாக எதை வைத்திருக்கிறார் என்று பார்த்தால் வேலை சுலபம்.

தாளில் ஏறாதவை

சரி, ஷீட் நல்ல ஷீட். வாசிப்பவர் அதன் மேல் என்ன சேர்க்கிறார்?

1. சமநிலை. ஐந்து விரலும் ஒரே நேரத்தில் ஒரு கார்டைத் தட்டுகின்றன, ஆனால் ஐந்தும் ஒரே வேகத்தில் தட்டினால் மெட்டு உள்ளே புதைந்துபோகும். மெட்டு பெரும்பாலும் மேல் சுரத்தில், அதாவது வலது கைச் சுண்டுவிரலில் இருக்கும். இருப்பதிலேயே பலம் குறைந்த விரல் மற்ற நாலையும் விட வேகமாக இறங்க வேண்டும். ஷீட்டில் அந்தக் கார்டின் கீழே 'மென்மையாக' என்று ஒரே ஒரு குறிதான் இருக்கும். எந்த விரல் எவ்வளவு மென்மையாக என்று இருக்காது. புதிதாக வாசிப்பவரின் வாசிப்பு தட்டையாகக் கேட்பதற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுதான், தாளம் பிசகுவது கூட இதற்கு அப்புறம்தான்.

2. தேய்வைக் கணக்கு வைப்பது. ஒரு நீண்ட மெட்டுச் சுரம் தட்டியபின் தேய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த சுரத்தை முதல் சுரம் பிறந்த சத்தத்தில் தட்டினால் 'தொம்' என்று தனியாக விழும். முதல் சுரம் இப்போது எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ அந்த அளவை ஒட்டித் தட்டினால் இரண்டும் ஒரே மூச்சில் பாடியது போல ஒட்டிக்கொள்ளும். ஒற்றைச் சுரத்தைப் பெரிதாக்க முடியாது என்று மேலே சொன்னோமே, அதற்கும் வழி இருக்கிறது: மேலே சுரம் தேயும்போது கீழே துணை இசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கினால், வளர்வது மேல் சுரம்தான் என்று காது நம்பிவிடும்.

3. நேரம். வாக்கிய முடிவில் தளர்வது, உச்சச் சுரத்துக்கு முன் ஒரு கணம் தயங்குவது, அப்புறம் வேகத்தை மீட்பது. இதற்கு ருபாட்டோ என்று பேர். 1777ல் மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், மெதுவான பகுதியில் தன் இடது கை தாளத்தை விடாமல் போக வலது கை மட்டும் அசைவதைக் கேட்டு எல்லோரும் வியந்தார்கள் என்கிறார். ஷோப்பனும் இடது கைதான் நடத்துநர் என்று சொல்லிக்கொடுத்ததாக அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் தாளம் போடும் கை அசையாமல் இருக்க, பாடகர் சாகித்யத்தை இழுத்தும் சுருக்கியும் வந்து சமத்தில் சேருவாரே, அந்த ஏற்பாடுதான்.

4. பெடல். வலது பெடலை அழுத்தினால் கம்பிகளின் மேல் படுத்து ஒலியை அடக்கும் டாம்பர்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். விரலை எடுத்தாலும் ஒலி நிற்கும், தட்டாத கம்பிகளும் கூடச் சேர்ந்து முனகும். நல்ல பெடல் காலில் இல்லை, காதில் இருக்கிறது. புதுக் கார்டைத் தட்டுவதற்கு முன் பெடலை எடுத்தால் நடுவில் ஓட்டை விழும், எடுக்காமலே இருந்தால் பழைய கார்டும் புதியதும் குழம்பும். கார்டைத் தட்டும்போது பெடலை விட்டு, அது ஒலிக்கத் தொடங்கியதும் மறுபடி பிடிக்க வேண்டும். முக்கால், அரை, கால் என்று அழுத்தவும் செய்வார்கள். தாளில் இருப்பது பெரும்பாலும் ஒரு கோடு, அல்லது அதுவும் இல்லை.

நேரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒன்றாக எழுதப்பட்ட கார்டில் மெட்டுச் சுரம் மற்றவற்றை விடச் சுமார் 30 மில்லி வினாடி முன்னால் ஒலிக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் கண்டார்கள். கலைஞர்கள் வேண்டுமென்றே செய்வதாகவே வெகுநாள் நினைத்தார்கள். சுத்தியல் அசைவுகளைப் பதிவு செய்யும் போசன்டார்ஃபர் பியானோவில் ஷோப்பன் இசையை வாசிக்கவைத்து, வெர்னர் கோபெல் 2001ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது: விரல்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் கட்டையைத் தொடுகின்றன, ஆனால் சத்தமாக வாசிக்கும் விரலின் சுத்தியல் வேகமாகப் பறப்பதால் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆக, மெட்டைத் தூக்கிக் காட்ட நினைத்தாலே நேர வித்தியாசம் கூடவே வந்துவிடுகிறது.

பழைய ஒலிப்பதிவுகளில் இதெல்லாம் இன்னும் பட்டவர்த்தனம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உருவாகி 1904ல் அறிமுகமான வெல்டே-மினியோன் என்ற கருவி, வாசிப்பவரின் சத்த வேறுபாடு, பெடல் எல்லாவற்றையும் துளையிட்ட காகிதச் சுருளில் பிடித்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இடது கையை முன்னால் விட்டு வலது கையைத் தாராளமாகப் பின்னால் விட்டார்கள். இன்று போட்டியில் அப்படி வாசித்தால் நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். உணர்ச்சி வெளிப்பாட்டுக்கும் காலத்துக்குக் காலம் மோஸ்தர் மாறுகிறது.

இயந்திரம் கேட்டெழுதும்போது

1983ல் வந்த மிடி முறை ஒரு பியானோ வாசிப்பை எண்களாக்கிவிட்டது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகம். வேகத்துக்கு 127 படி. கூகுளின் மஜெண்டா குழு 2018ல் வெளியிட்ட 'மேஸ்ட்ரோ' தரவுத் தொகுப்பில் சர்வதேசப் பியானோ போட்டி ஒன்றின் சுமார் 200 மணி நேர வாசிப்பு, ஆடியோவும் மிடியும் சில மில்லி வினாடிக்குள் பொருந்துமாறு இருக்கிறது. பங்கேற்றவர்கள் வாசித்தது யமாஹா டிஸ்க்ளேவியர், அதாவது உணரிகள் பொருத்திய நிஜப் பியானோ என்பதால் இது கைகூடியது. இன்றைய கேட்டெழுதும் நிரல்கள் பல இதில்தான் பயின்றன. தனிப் பியானோ ஆடியோவைக் கொடுத்தால் சுரங்களை நன்றாகவே பிடிக்கின்றன.

அப்படியானால் ஷீட் ஏன் அசிங்கமாக வருகிறது? ஒரு உதாரணம் பார்த்தால் போதும். வினாடிக்கு ஒரு சுரம் என்று நாலு குவார்ட்டர் நோட் (முழு நோட்டில் கால் பங்கு). ஒருவர் அதை உணர்ச்சியோடு வாசிக்கிறார், நாலின் நீளமும் 1.00, 1.08, 0.95, 1.20 வினாடி என்று அமைகிறது. கேட்பவருக்கு அது நாலு சமச் சுரம், கடைசியில் ஒரு தளர்வு. நிரல் இதை முப்பத்திரண்டில் ஒரு பங்கு நோட்டுகளின் கட்டத்தில் பொருத்தப் பார்த்தால் முதலாவது குவார்ட்டர், இரண்டாவது குவார்ட்டரோடு முப்பத்திரண்டில் ஒன்று ஒட்டியது, மூன்றாவது இரட்டைப் புள்ளி வைத்த எட்டில் ஒன்று, நாலாவது குவார்ட்டரோடு பதினாறில் ஒன்று ஒட்டியது என்று எழுதும். அளவு சரி, யாராலும் வாசிக்க முடியாது. 'சுத்தம் செய்' என்று பொத்தானை அமுக்கினால் நாலும் குவார்ட்டர் ஆகும், வாசிக்கலாம், ஆனால் அந்த 1.20ல் இருந்த தளர்வு தொலைந்தது.

மனிதர் கேட்டெழுதும்போது இந்த நாலும் குவார்ட்டர், கடைசியில் தளர்வு என்று பிரித்துக் கேட்கிறார். சுரத்தைத் தாளில் ஒரு விதமாகவும் தளர்வை 'மெல்லத் தாமதித்து' என்ற குறிப்பாகவும் வைக்கிறார். இதோடு எந்தச் சுரம் எந்தக் கைக்கு, நீண்டு ஒலித்தது விரலாலா பெடலாலா என்ற முடிவுகளும் இருக்கின்றன. முழு ஆர்கெஸ்ட்ரா கொண்ட சினிமாப் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம், குரலும் தபலாவும் பேஸ் கிடாரும் ஒரே குவியலாக வரும்.

தாளைத் தாண்டி நேராக இரண்டாவது அடுக்கையே பிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியது ஸென்ஃப் என்ற நிறுவனம். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955ல் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைக் கேட்டெழுதி, கட்டை வேகம், பெடல் எல்லாம் அடங்கிய நுட்பமான கோப்பாக்கி, டிஸ்க்ளேவியரில் தானாக வாசிக்கவைத்துப் புதிதாக ஒலிப்பதிவு செய்தார்கள். 2007ல் சோனி அதை வெளியிட்டது. அங்கே ஷீட் என்று ஒன்றுமே தேவைப்படவில்லை. மனிதர் வாசிக்க ஒரு வடிவம், இயந்திரம் வாசிக்க வேறு வடிவம்.

கமகம் வந்தால்

இதுவரை சொன்னது எல்லாம் சத்தமும் நேரமும். நம் இசையில் வெளிப்பாட்டின் பெரும்பகுதி சுருதி அசைவில், அதாவது கமகத்தில் இருக்கிறது, பியானோவால் அறவே முடியாத இடம் அது. தோடி ராகத்தின் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரக் கட்டையாக அசையாமல் தட்டினால் அது தோடியே ஆகாது. இதே நிலைச்சுருதிப் பிரச்சினையால்தான் அகில இந்திய வானொலி 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, 1971ல்தான் தளர்த்தியது. பக்கத்துச் சுரத்தைச் சிட்டிகை நேரம் தொட்டுவிட்டு வருவது ஓரளவு குறிப்புக் காட்டும், அதற்கு மேல் போனால் கேலிக்கூத்து. சிக்கில் குருசரண் பாட அனில் சீனிவாசன் பியானோ வாசிக்கும் கச்சேரிகளில் கமகம் பாடகரிடம் இருக்கிறது, சுற்றியிருக்கும் ஒலியைப் பியானோ தருகிறது. வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. சினிமா மெல்லிசையில் மேற்கத்திய ஹார்மனி ஏற்கெனவே இருப்பதால் சிக்கல் குறைவு, ஆனாலும் பாடகர் குழைத்த இடத்தில் ஷீட் எந்தச் சுரத்தைத் தேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எழுதியவரின் காது தெரிந்துவிடும்.

ஷீட்டைக் கையில் எடுக்கும்போது

1. நீண்ட சுரங்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அது கேட்டெழுதியது மட்டும், பியானோவுக்குப் பெயர்த்ததில்லை.

2. மெட்டு எந்த விரலில் விழுகிறது என்று குறித்துக்கொண்டு, மெட்டை மட்டும் முதலில் வாசியுங்கள், பாடியும் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே கையும் எழ வேண்டும்.

3. செயலி தந்த ஷீட் என்றால் ஒட்டுநோட்டுக் குப்பையை எளிமையாக்கிவிட்டு, நேர அசைவுக்கு மூலப் பதிவைக் காதால் கேளுங்கள். அதை ஷீட்டில் தேடாதீர்கள்.

4. எழுதிய ஷீட்டை விற்கவோ பொதுவில் போடவோ நினைத்தால், 1957ஆம் வருடத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பின் 'தழுவல்' என்பதற்குள் அதைப் பெயர்த்தமைப்பதையும் டிரான்ஸ்கிரிப்ஷனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த உரிமை படைப்பின் உரிமையாளருக்கு உரியது, இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரை நீடிக்கும். பாக்கும் ஷூபர்ட்டும் யாருக்கும் சொந்தமில்லை. நேற்று வந்த சினிமாப் பாட்டுக்கு அனுமதி வேண்டும், காதால் கேட்டு ஒவ்வொரு சுரமாக நீங்களே எழுதியிருந்தாலும் கூட.